போர்ன்ஹோம் தீவில் பதினோராம் நம்பர்

போர்ன்ஹோம் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நானும் கேள்விப்பட்டதில்லை. டென்மார்க்குக்குச் சொந்தமான தீவு. பால்டிக் கடலில் தனியாகக் கிடக்கிறது. அதைச் சுற்றி நாலு நாள் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்திருக்கிறேன். எப்படி இருந்தது, எப்படி இருந்தது என்று சொந்தபந்தமெல்லாம் கேட்கிறார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் அங்கிருந்து கொண்டுவந்தது கோபம் மட்டும்தான். அது இன்னும் இறங்கவில்லை.

நாங்கள் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்துகிறோம். நூல், நிட்டிங், டையிங் எல்லாம் என் வீட்டுக்காரர் பழனிச்சாமி பார்த்துக்கொள்வார். தைத்து வந்த துணியை செக் பண்ணி, அயர்ன் போட்டு, பெட்டியில் அடைப்பது வரை என் பொறுப்பு. எங்களிடம் துணி வாங்கும் டென்மார்க் கம்பெனி ஒன்று, இந்த வருடம் சப்ளையர்களைத் தீவைச் சுற்றி சைக்கிள் ஓட்டக் கூப்பிட்டது. நட்பை வளர்க்கவாம். வீட்டுக்காரர் மெயிலைப் படித்ததும் துள்ளிக் குதித்தார். "விட்ட ஆர்டரப் புடிச்சறலாம் புள்ள" என்றார்.

விட்ட ஆர்டரின் கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு அவர்களுக்கு எலுமிச்சை நிறத்தில் டீசர்ட் தைத்து அனுப்பினோம். நெஞ்சில் ஒரு சைக்கிள் சக்கரம் அச்சிட்டிருக்கும். சரக்கு போய்ச் சேர்ந்து பல மாதம் கழித்து ஒரு மெயில் வந்தது. கழுத்துப் பட்டியில் ஊசி ஓட்டை இருக்கிறது, மொத்தச் சரக்கையும் அழித்துவிட்டோம், பணம் தரமாட்டோம் என்று. அந்த ஆர்டர் அதோடு நின்றது. கூடவே மூன்று போட்டோ. மூன்றிலும் ஓட்டையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஒரு போட்டோவில் லேபிளின் பின்பக்கமும் தெரிந்தது. அதில் 11 என்று முத்திரை.

எங்கள் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. தான் பார்த்த பீஸின் லேபிளுக்குப் பின்னால் அந்த நம்பரை முத்திரை குத்தவேண்டும். பதினொன்று, ஜெபமணியின் நம்பர். சாத்தான்குளம் பக்கமிருந்து வந்தவள். எட்டு வருடமாக எங்களிடம் இருந்தாள்.

இப்படி ஒரு புகார் வந்தால் பையருக்கு, அதாவது துணி வாங்குகிற கம்பெனிக்கு, ஒரு படிவம் நிரப்பி அனுப்பவேண்டும். தவறு என்ன, காரணம் என்ன, பொறுப்பு யார், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று வரிசையாகக் கட்டங்கள். பொறுப்பு யார் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் மெயில் திரும்பி வரும். திருப்பூரில் எல்லாக் கம்பெனியிலும் அந்தக் கட்டத்தில் ஒரு பெயர் எழுதித்தான் ஆகவேண்டும். நான் ஜெபமணி என்று எழுதினேன். நடவடிக்கை என்ற கட்டத்தில், வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்று எழுதினேன். எழுதிவிட்டதால் நீக்கவும் வேண்டியிருந்தது.

டீ நேரத்தில், செக்கிங் லைன் முழுக்க நின்று பார்க்க, "நாளையிலிருந்து வரவேண்டாமுங்க ஜெபமணி" என்றேன். எங்கள் பக்கத்தில் வேலையை விட்டு அனுப்பும்போதும் மரியாதை குறையாது. அவள் போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்து என்னவோ சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இனி தீவு.

முதல் நாள் கப்பல் ரன்னே என்ற துறைமுகத்தில் இறக்கிவிட்டது. நீல்ஸ் என்பவர் கையை ஆட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி, புகார் மெயிலில் கையெழுத்துப் போட்டவர். ஆறரை அடி உயரம், சிரித்த முகம். எங்களைத் தவிரத் துருக்கியிலிருந்து இரண்டு பேர், வங்கதேசத்திலிருந்து ஒருவர். ஆளுக்கொரு சைக்கிளும் தலைக்கவசமும் கொடுத்தார்கள். சீட் என்று ஒன்று இருந்தது. அதைச் செய்தவனை அதன்மேல் உட்காரவைத்துக் குன்னத்தூரிலிருந்து பெருமாநல்லூர் வரை ஓட்டச் சொல்லவேண்டும்.

குன்னத்தூரில் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஓட்டியது. அதற்குப் பிறகு சைக்கிளைத் தொடவில்லை. சுடிதார் துப்பட்டாவைப் பின்குத்தி இறுக்கிக்கொண்டு ஏறினேன். சைக்கிளுக்கென்றே தனிப் பாதை போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கோதுமைக் காடு. ஹாரன் சத்தம் கிடையாது. குறுக்கே வந்து விழுகிற டூவீலர் கிடையாது. அவிநாசி ரோட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சைக்கிளில் வேலைக்கு வருகிறார்களே எங்கள் அயர்ன் மாஸ்டர்கள், அவர்களுக்கு ஒரு முழம் பாதை கிடையாது. பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவனுக்கு இப்படி ஒரு பாதை. அங்கேயே எரிச்சல் தொடங்கிவிட்டது.

"ஏம்புள்ள மொகத்த இப்புடி வெச்சிருக்கற? நீல்ஸ் பாக்கறாரு, சிரி" என்றார் வீட்டுக்காரர். அவர் கப்பல் ஏறியதிலிருந்து எல்லாவற்றுக்கும் 'சூப்பர் சூப்பர்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்காற்று முகத்தில் அறைந்ததற்குக்கூட நல்ல காற்று என்றார்.

வடக்கு மூலையில் ஒரு பாழடைந்த கோட்டை. பாறைமேல் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறது. துருக்கிக்காரர்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள். எனக்குத் தொடை இரண்டும் கெஞ்சின. இரவுச் சாப்பாடு என்று உட்கார்ந்தால் மணி எட்டுக்கும் வெயில் காய்கிறது. கறுப்பு ரொட்டி, அதன்மேல் புகையில் வாட்டிய மீன், அதன்மேல் பச்சையாக ஒரு முட்டைக் கரு. இந்த ஊரில் பேர்போன பண்டம் என்று நீல்ஸ் பெருமையாகச் சொன்னார். முட்டையை ஒதுக்கிவிட்டு, பையிலிருந்த பருப்புப்பொடியை எடுத்து மீன்மேல் தூவினேன். அப்புறம் நன்றாகத்தான் இருந்தது. வங்கதேசக்காரர் தட்டை என் பக்கம் நீட்டினார், அவருக்கும் கொஞ்சம் தூவினேன்.

இரண்டாம் நாள் குத்யெம் என்ற ஊர். மேட்டிலிருந்து கடலுக்குள் சரிகிற மாதிரி செங்குத்தான தெரு. நம் ஊர் சைக்கிளில் இறக்கத்தில் போகும்போது என்ன செய்வோம்? காலைச் சும்மா வைத்திருக்க முடியாமல் பெடலைப் பின்னால் சுற்றுவோம். கிர்ரென்று சத்தம் வரும், அவ்வளவுதான். அந்த ஊர் சைக்கிளில் பெடலைப் பின்னால் மிதித்தால் அதுதான் பிரேக்! எனக்கு யாரும் சொல்லவில்லை. சுற்றினேன். பின்சக்கரம் அப்படியே நின்றது. நான் நிற்கவில்லை. ஒரு ரோஜாச் செடியும் ஒரு வேலியும் என்னைப் பிடித்துக்கொண்டன.

முழங்கை, முழங்கால் இரண்டிலும் ரத்தம். சைக்கிளின் கைப்பிடி கோணிவிட்டது. வீட்டுக்காரர் ஓடிவந்து, "சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். பதட்டத்தில் கேட்டுவிட்டேன் என்று இன்றைக்கும் சாதிக்கிறார். மற்றவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, தெருக்கோடியில் இருந்த சைக்கிள் வாடகைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

கடையில் இங்கெர் என்ற அம்மா இருந்தார். ஐம்பது வயதிருக்கும், கையெல்லாம் கிரீஸ். என்னை உட்காரவைத்துக் காயத்தைத் துடைத்து பிளாஸ்டர் ஒட்டினார். அவர் குனிந்தபோதுதான் பார்த்தேன். எலுமிச்சை நிற டீசர்ட். நெஞ்சில் சைக்கிள் சக்கரம்.

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் எதிரே நிற்பவர் போட்டிருக்கும் பனியனின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிடுவோம். என்ன நூல், என்ன கனம், யார் தைத்தது என்று தெரிந்துகொள்ளாமல் கை அடங்காது. என் கை தானாகவே போய் அந்த அம்மாவின் டீசர்ட் ஓரத்தைப் பிடித்தது. தேய்த்தது. அதோடு நிற்காமல் பக்கத் தையலைத் திருப்பி, லேபிளைப் புரட்டியது.

"என்ன செய்கிறீர்கள்?" என்று இங்கெர் துள்ளி எழுந்தார். நியாயம்தானே. முன்பின் தெரியாத பொம்பளை வந்து இடுப்பில் கை வைத்தால் நாம் சும்மா விடுவோமா?

லேபிளுக்குப் பின்னால் இருந்த முத்திரை துவைத்துத் துவைத்து மங்கிப்போயிருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது. 11.

"இது நாங்க தெச்சதுங்க" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். இங்கெரின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா? போன கோடையில் பெட்டி பெட்டியாக வந்தது. உங்களைக் கூட்டி வந்திருக்கிறார்களே, அதே கம்பெனிதான் கொடுத்தது. தீவில் இருக்கும் எங்கள் நாலு கடைக்கும் இதுதான் சீருடை. நல்ல துணி, சாயமே போகவில்லை" என்றார்.

கழுத்தில் ஓட்டை இல்லையா என்று கேட்டேன். அவர் கழுத்துப் பட்டியை இழுத்துக் காட்டினார். ஒரு ஓட்டையும் இல்லை. "சிலதில் மட்டும் இருந்தது. விற்பனைக் கடையில் விலைச் சீட்டை மாட்டும்போது கழுத்திலேயே குத்திவிட்டிருந்தார்கள், முட்டாள்கள்" என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து போடாத டீசர்ட் ஒன்றை எடுத்து நீட்டினார். கழுத்துப் பட்டியில் தடியாக ஒரு ஓட்டை. விலைச் சீட்டைத் தொங்கவிடும் பிளாஸ்டிக் இழை அதிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. லேபிளைத் திருப்பினேன். அதுவும் 11.

தையல் மெஷின் ஊசி போட்டிருந்தால் ஓட்டை பொடியாக, தையல் போகிற வழியில் வரிசையாக இருக்கும். இது விலைச் சீட்டு மாட்டுகிற டேக் கன் குத்திய ஓட்டை. செக்கிங்கில் பத்து நாள் நின்ற ஆள்கூடப் பார்த்ததும் சொல்லும். நான் இருபது வருடமாக நிற்கிறேன்.

"அப்புறம் ஏன் உங்களுக்குக் கொடுத்தார்கள்?" என்று கேட்டேன். இங்கெர் சிரித்தார். "விற்கவில்லை. அதற்கு முந்தின கோடை முழுக்க மழை. மழையில் யார் சைக்கிள் ஓட்டுவார்கள், யார் இதை வாங்குவார்கள்?"

மழை பெய்தது. அதனால் ஜெபமணியின் வேலை போனது. நான் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்கவேண்டும்போல இருந்தது.

அந்த ஓட்டை டீசர்ட்டைக் கேட்டேன். சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு மனது கேட்கவில்லை. நீல்ஸிடம் காட்டக் கொண்டுவந்திருந்த புது சாம்பிளை எடுத்துக் கொடுத்துவிட்டேன். "அட ஏஞ்சாமி, சாம்பிளப் போயிக் குடுத்துட்டயே!" என்று வீட்டுக்காரர் தலையில் கைவைத்தார். "அந்தம்மாவாச்சும் ஒழுங்காப் போடட்டுங்க" என்றேன்.

மூன்றாம் நாள் தெற்கே இறங்கினோம். வழியில் வட்டவடிவத்தில் ஒரு வெள்ளைத் தேவாலயம், காற்றாலைகள், வீட்டு வாசலில் ஆளில்லாமல் விற்பனைக்கு வைத்த உருளைக்கிழங்கு, ஜாம் பாட்டில்கள். நம்பி வைத்துவிட்டுப் போகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு அதைப் பார்க்கவும் பற்றிக்கொண்டு வந்தது. உருளைக்கிழங்கை நம்புகிறவர்கள் எங்களை நம்பவில்லையே என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன். காற்று பலமாக அடித்ததால் அவருக்குக் காது கேட்கவில்லை, அல்லது கேட்காததுபோல் மிதித்தார்.

துவோத் என்ற இடத்தில் கடற்கரை. மாவு சலித்துப் போட்டதுபோல வெள்ளை மணல். அங்கே மேசை போட்டு மதியச் சாப்பாடு. நீல்ஸ் எழுந்து, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பையிலிருந்து டீசர்ட்டை எடுத்து அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அழித்துவிட்டோம் என்று எழுதினீர்களே, இது எப்படி உயிரோடு இருக்கிறது?" என்றேன்.

அவர் கொஞ்சம்கூடத் திகைக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. சிரித்த முகத்தோடே சொன்னார்: "ஓ, இதுவா! நல்ல துணியை அழித்தால் வீண் அல்லவா? மறுவாழ்வு கொடுத்தோம். சுற்றுச்சூழலுக்கு நல்லது. நீங்கள் பெருமைப்படவேண்டும்."

"மெயிலில் அழித்துவிட்டோம் என்று இருந்தது."

"எங்கள் கம்ப்யூட்டரில் திருப்பி அனுப்பியது, அழித்தது என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது. இது இரண்டிலும் சேராது. ஏதாவது ஒன்றை டிக் செய்தாகவேண்டும் இல்லையா?"

மேசைக்கு அடியில் வீட்டுக்காரர் என் காலை மிதித்தார். அடிபட்ட கால். நான் கண்டுகொள்ளவில்லை. பிளாஸ்டிக் இழையைத் தூக்கிக் காட்டி, "இது ஊசி ஓட்டையா?" என்றேன். நீல்ஸ் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "கடைக்காரர்கள் தவறாக இருக்கலாம். அது முடிந்துபோன விஷயம். அடுத்த கோடைக்கு உங்களுக்குப் பெரிய ஆர்டர் யோசித்து வைத்திருக்கிறோம்."

"ஆர்டர் அப்புறம். ஓட்டை எங்கள் செக்கிங்கின் தவறு இல்லை என்று ஒரு மெயில் எழுதிக் கொடுங்கள். அதில் ஜெபமணி என்று பேர் போட்டு எழுதுங்கள்."

"யார் ஜெபமணி?" என்று கேட்டார் நீல்ஸ்.

மனுஷன் நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. நான் கட்டத்தில் எழுதி அனுப்பிய பெயரை அங்கே யாரும் படித்துக்கூடப் பார்த்ததில்லை. கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். யாரும் படிக்காத ஒரு கட்டத்துக்காக நான் எட்டு வருடம் என்னோடு நின்றவளை அனுப்பியிருக்கிறேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றார் அவர். துருக்கிக்காரர் ஒருவர் டீசர்ட்டை வாங்கி, தன் அப்பன் பாட்டன் சொத்தைப் பார்ப்பதுபோல ஓட்டையை நெடுநேரம் பார்த்துவிட்டு, மடித்து என் கையில் கொடுத்தார். அவருக்கும் ஏதோ ஒரு படிவம் நினைவுக்கு வந்திருக்கும்.

நாலாம் நாள் ரன்னே திரும்பினோம். கப்பலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. துறைமுகத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமணிக்கு போன் போட்டேன். நம் ஊரில் சாயங்காலம். அவள் இப்போது எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இன்னொரு கம்பெனியில், தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டுகிறாள் என்று தெரியும். செக்கிங் மேசையில் யாரும் நிறுத்திக்கொள்ளவில்லை. ரிஜெக்ட் ஜெபமணி என்று லைனில் பேர் வைத்துவிட்டார்கள் என்பதும் தெரியும். தெரிந்துதான் இத்தனை நாள் சும்மா இருந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மழை, டேக் கன், இங்கெர், நீல்ஸ்.

"எக்கா, டேக் கன் ஓட்டன்னு நான் அன்னைக்கே சொன்னம்லா" என்றாள். "நீங்க போட்டோவப் பாக்கலியே. எம் மூஞ்சியத்தான பாத்திய."

"தப்புத்தானுங்க ஜெபமணி. திரும்பி வந்துருங்க" என்றேன்.

"வாரதப் பத்திப் பொறவு பாப்போம். அம்புட்டுப் பேருக்கு முன்னால வச்சுத்தான என்னைய அனுப்புனிய? அதே எடத்துல நின்னு இதச் சொல்லுங்க. போன்ல எனக்கு மட்டும் சொல்லி என்னத்துக்கு ஆவுது?"

போனை வைத்துவிட்டேன். "என்ன சொன்னா?" என்று கேட்ட வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன். அவர் மேல் தப்பில்லை. பக்கத்தில் அவர்தான் இருந்தார்.

ஊருக்கு வந்த மறுநாள் அந்தப் பழைய படிவத்தைப் புதிதாக நிரப்பினேன். காரணம், விற்பனைக் கடையில் டேக் கன். பொறுப்பு யார் என்ற கட்டத்தில், போட்டோவைச் சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர் என்று எழுதி என் பெயரை எழுதினேன். வீட்டுக்காரர் இரண்டு முறை படித்தார். "ஆர்டர் போச்சு" என்று முணுமுணுத்துவிட்டு, மறுபேச்சில்லாமல் தன் கையெழுத்தையும் போட்டார். அதற்காக அவர்மேல் இருந்த கோபத்தில் பாதியைக் கழித்துக்கொண்டேன். நீல்ஸிடமிருந்து உடனே பதில் வந்தது, படிவம் கிடைத்தது, நன்றி என்று. இதையும் படித்திருக்க மாட்டார்.

அன்று டீ நேரத்தில் செக்கிங் லைனை நிற்கச் சொன்னேன். நான் சொல்லி அனுப்பியிருந்ததால் ஜெபமணி அவளுடைய கம்பெனி டீ நேரத்தில் வந்து, வாசலை ஒட்டி நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. டீசர்ட்டைத் தூக்கிப் பிடித்து, இது செக்கிங்கின் தவறு இல்லை, ஜெபமணி அன்றே சரியாகச் சொன்னார், நான்தான் கேட்கவில்லை, அவரை அனுப்பியது என் தவறு என்று சொன்னேன். லைனில் நின்ற ஒடிசாப் பெண்களுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், சூப்பர்வைசரை விட்டு இந்தியிலும் சொல்லவைத்தேன். மேடத்தின் தவறு என்ற இடத்தில், 'மேடம் கீ கல்தீ' என்று சொன்னபோது அவர் குரலைத் தாழ்த்தினார். சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன்.

ஜெபமணி நடந்து வந்து டீசர்ட்டைக் கையில் வாங்கினாள். மேசை விளக்குக்குக் கீழே விரித்தாள். கழுத்து, தோள், அக்குள், பக்கத் தையல், ஓரம் என்று பழைய வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டே வந்தாள். கை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலைக் கண்டு, இடுப்பில் செருகியிருந்த பிசிறு கத்தரியை எடுத்து வெட்டினாள். லேபிளைத் திருப்பித் தன் நம்பரைப் பார்த்தாள்.

"நல்ல பீஸுதாம்க்கா" என்றாள்.

டீசர்ட்டை மடித்து மேசைமேல் வைத்தாள். டீ நேரம் முடியப் போகிறது என்று சொல்லிவிட்டு, அவளுடைய கம்பெனிக்குத் திரும்பிப் போனாள்.